எங்கள் அம்பாசடரை இறக்கிய கதை

மண்ணூர் ரோட்டில், உச்சி வெயிலில், நான் குப்புறப் படுத்திருந்தேன். முகத்துக்கு நேரே எங்கள் அம்பாசடர் காரின் பின் பம்பர். அதற்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காய்ந்த கொள்ளுச் செடி கருகுகிற வாடை மூக்கில் ஏறியது. வண்டிக்கு அடியில் கையை விட்டுச் செடியைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறேன், முழங்கைக்கு மேல் நுழையவில்லை.

ரோட்டோரப் புளியமரத்து நிழலில் டை கட்டிய ஒருவர் நின்றுகொண்டு, “நான்சென்ஸ், நான்சென்ஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் அந்தப் புகை மீது எனக்குக் கோபம் இல்லை. நிழலில் நின்று சொன்ன அந்த ‘நான்சென்ஸ்’ மீதுதான் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், என் தம்பி பாபுவின் மகன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை. ஓ.டி. பார்த்துப் பார்த்து ஒரு கார் வாங்கியிருக்கிறான்.

“அத்தே, வண்டிய நல்லா கீழ எறக்கப் போறேன். ஸ்பிரிங் மாத்திட்டா தரையோட ஒட்டிக்கினு போவும். செம லுக்கு!” என்றான்.

அவன் அப்பன் அதே வயதில், அதே மூக்கை அதே மாதிரி உறிஞ்சிக்கொண்டு, ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொன்னவன். வந்த ஆத்திரத்தில் பையனுக்குக் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவனும் மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனான்.

காரை இறக்குவது பிரயோஜனமா, இல்லையா? அவனுக்கு வாயால் சொல்ல முடியாததை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

பின்பக்கம் தூக்கிய வண்டி

தொண்ணூற்றொன்று என்று ஞாபகம். என் கணவர் தணிகாசலம் ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோயில் பக்கத்து ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஹாரன் அடிப்பதற்குக்கூடக் கூச்சப்படுவார்.

அந்தக் காலத்து அம்பாசடரில் பின்சக்கரத்து ஸ்பிரிங் என்பது இரும்புப் பட்டைகளின் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டியிருப்பார்கள். இவர் அதில் கூடுதலாக ஒரு தடித்த பட்டையைச் சேர்த்திருந்தார்.

காரணம் இருந்தது. எங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஜன்னல் என்று உட்காருகிற ஜாதி இல்லை. காது குத்துக்குப் போகிற குடும்பம் ஏறும். பிரசவத்துக்குப் போகிற பெண் ஏறுவாள், அவளோடு அழுதுகொண்டே பாதித் தெரு ஏறும். டிரைவர் மடியைத் தவிர எல்லா இடத்திலும் ஆள் இருக்கும். டிக்கியில் அண்டா, அரிசி மூட்டை, ஒரு தடவை உயிரோடு ஒரு கிடா. அத்தனையும் தாங்கியது அந்தக் கூடுதல் பட்டை.

ஆனால் காலியாக நிற்கும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எலிக்குப் பதுங்கிய பூனை மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். இவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார்.

‘டீசண்ட்’

மண்ணூர் பக்கம் ஒரு புதுக் கம்பெனி வரப்போவதாகச் சொல்லி, வேலி போட்டு, கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் போல வரிசையாகக் கம்பெனிகள் இல்லாத காலம். ஒரு கம்பெனி வருகிறது என்றால் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது.

அந்தக் கம்பெனிக்கு மாத வாடகையில் ஒரு கார் தேவைப்பட்டது. சவாரி வராத நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனிதருக்கு அது சாதாரண விஷயமா? தினமும் ஓட்டம், மாதம் பிறந்தால் கையில் காசு. எங்கள் பெரிய பெண்ணைக் கான்வென்ட்டில் சேர்ப்பது, ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றுவது என்று நாங்கள் தள்ளிப்போட்ட எல்லாமே அந்த ஓட்டத்தை நம்பித்தான் இருந்தன.

கம்பெனியின் அட்மின் மேனேஜர் ஸ்டாண்டுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இவருக்குச் சோறு கொடுக்கப் போன நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“சுத்தமா வச்சிருக்கே. ஆனா என்னப்பா இது, பின்னாடி இப்படித் தூக்கிக்கிட்டு? எங்க டைரக்டர்ஸ் வருவாங்க, ஃபாரின்காரங்க வருவாங்க. இதுல கூட்டிட்டுப் போனா மாட்டு வண்டில ஏத்தின மாதிரி இருக்கும். இறக்கிடு. டீசண்டா இருக்கட்டும்” என்றார்.

பின்பக்கம் ஏன் உயர்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷோக்குக்கா தூக்கி வைத்தோம்? எங்கள் ஜனங்கள் உட்காருவதற்காகத் தூக்கி வைத்தோம். எங்கள் ஜனங்கள் உட்காருகிற வண்டி டீசண்ட் இல்லையாம். அந்த வார்த்தையை அன்றைக்கே அவர் வாயில் திருப்பித் திணித்திருக்க வேண்டும். இவர் தலையை ஆட்டி, “செஞ்சிட்றேன் சார்” என்றுவிட்டார்.

பாபுவின் கைவேலை

என் தம்பி பாபு அப்போது மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெரிய மனிதர்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பொங்கல் லீவு முடிந்த கையோடு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“மாமா, நீ கூடப் போட்ட பட்டைய மட்டும் கழட்டுனா பத்தாது. இன்னும் ரெண்டு உருவிடலாம். முன்னாலயும் திருகி எறக்கிடறேன். வளைவுல சாயவே சாயாது. ஹைவேஸ்ல ஒட்டிக்கினு போவும்.”

“ஏண்டா, ஏரிக்கரை மேல போற வண்டிடா இது. மவுண்ட் ரோடா இது?” என்றேன்.

“சும்மா இருக்கா. உனுக்கு இன்னா தெரியும்?”

மேனேஜர் ஒரு முழம் கேட்டால் என் தம்பி ஒரு கஜம் கொடுக்கிறவன். சாயந்தரத்துக்குள் வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. கழற்றிய பட்டைகள் எங்கள் தென்னைமரத்தடியில் கிடந்தன. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “இன்னா தணிகாசலம், வண்டி பஞ்சரா? ஒக்காந்துகினு கீது?” என்று அக்கறையாகக் கேட்டார்.

நியாயமாகவே பேசுகிறேன்

கோபத்தில் எழுதினாலும் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெங்களூர் ரோட்டில் திருப்பத்தில் வண்டி அலையாமல் போனது. பாபு சொன்னது பொய்யில்லை. புடவை கட்டிய பெண்கள் காலைத் தூக்காமல் அப்படியே உட்கார முடிந்தது. மூட்டுவலிக்காரிகள் எல்லோரும் பாபுவை வாழ்த்தினார்கள்.

அதோடு நல்லது முடிந்தது. கோயில் முனையில் இருந்த வேகத்தடையில் ஏறினால் சைலன்சர் தேய்ந்து, கரும்பலகையில் நகத்தால் கீறின மாதிரி சத்தம் வரும். மண்ணூர் ஏரிக்கரையில் ஒவ்வொரு கல்லும் அடிவயிற்றைத் தட்டும். கல் தட்டும்போதெல்லாம் இவருக்கு முகம் சுருங்கும், தன் வயிற்றில் பட்ட மாதிரி.

அதைக்கூட விடுங்கள். காது குத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் வழக்கம்போல வந்து ஏறியது. எல்லோரும் உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரசியது. வண்டி நகரவில்லை. இவர் தலையைச் சொறிந்துகொண்டு, “பாதிப் பேரு பஸ்ல வந்துடுங்களேன்” என்றார். ஒரு பெரியவர் இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அன்று இரவு இவர் சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, பாத்திரங்களைச் சத்தம் போட்டுக் கழுவினேன். முன்பின் தெரியாத ஒரு ஃபாரின்காரன் வசதியாக உட்கார வேண்டும் என்று, தெரிந்த மனிதரை நாங்களே கீழே இறங்கச் சொல்லிவிட்டோமே! இதில் என்ன டீசண்ட் இருக்கிறது?

ரோடே களம்

எங்கள் பக்கத்தில் தை மாதக் கடைசியில் கொள்ளு அறுவடை. செடியை வேரோடு பிடுங்கி, காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி, காய் வெடித்து, கொள்ளு தனியாக வந்துவிடும். அப்புறம் தூற்றி அள்ளிக்கொள்வார்கள். முன்பெல்லாம் ஓரத்தில் கொஞ்சம் பேர்தான் போடுவார்கள். மற்றவர்களுக்கு ஊர்க்களம் இருந்தது. அந்தக் களம் கம்பெனி வேலிக்குள் போனபிறகு, மொத்த ஊரும் கொள்ளோடு ரோட்டுக்கு வந்துவிட்டது.

மண்ணூர்க்காரர்களுக்கும் எங்கள் வண்டிக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. தெய்வானை அக்கா என்று ஒரு விவசாயி. இவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். கொள்ளுப் பரப்பிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பாள். எங்கள் வண்டியைப் பார்த்தால் கையைத் தூக்குவாள். இவர் செடிமேல் ஏறி, நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் போய், நாலைந்து நடை மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். உயரமான வண்டி, அடியில் எதுவும் சிக்காது. சீசன் முடிந்ததும் ஒரு முறம் கொள்ளு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

கம்பெனி வேலை முடிவாகும் முன், மேனேஜர் ஒரு நாள் வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு காலையில் குன்றத்தூர் மலைக்கோயில், அங்கிருந்து மண்ணூர் கம்பெனி இடம். அந்த அம்மாளுக்குத் துணையாக என்னையும் வரச் சொன்னார்கள். முன் சீட்டில் நான். பின்னால் அவர்கள் இருவரும்.

கோயில்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. “உட்கார சௌகரியமா இருக்கு” என்று அந்த அம்மாள் சொன்னார். மேனேஜர், “வர்ற மாசத்துலேர்ந்து வச்சுக்கலாம்பா” என்றார். இவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மண்ணூர் ரோட்டில் திரும்பினோம். ரோடு முழுக்கக் கொள்ளு. ஓரமாக ஒதுங்கவும் இடமில்லை. தெய்வானை அக்கா எழுந்து கையைத் தூக்கினாள்.

இவர் மெதுவாகச் செடிமேல் ஏறினார், நிறுத்தினார். சட்டென்று கை கியருக்குப் போனது. வண்டி பின்னால் நகர்ந்தது.

“ஏன்யா ரிவர்ஸ் எடுக்கறே?” என்றார் மேனேஜர்.

அப்போதுதான் இவருக்கே உறைத்தது. வருஷக்கணக்காகச் செய்த வேலையைக் கை தானாகச் செய்துவிட்டது. வண்டி இறங்கியிருப்பது கைக்குத் தெரியவில்லை.

கை நுழையவில்லை

அடியில் ஏதோ முறுக்கிக்கொள்கிற சத்தம். வண்டி உதறி நின்றது. பின்சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்ட்டில் கொடி கொடியாகச் செடி சுற்றி இறுகிவிட்டது. சூடான சைலன்சரில் பட்ட சருகு புகைய ஆரம்பித்தது.

மேனேஜர்தான் முதலில் குதித்தார். மனைவியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய்ப் பின்கதவைத் திறந்து அந்த அம்மாளை இறக்கினேன். இவர் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து ஓடிவந்தார். லாரிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த உயரமான ஜாக்கி. அதை வைக்க வண்டிக்கு அடியில் இடமில்லை. இப்படி வைத்துப் பார்க்கிறார், அப்படிப் படுக்கவைத்துப் பார்க்கிறார், நுழையவில்லை. நான் தரையில் படுத்துக் கையை விட்டேன். அதுவும் நுழையவில்லை. டேங்க் இருப்பது பின்னால்தான்.

“சுலோ, எழுந்திருடி! வண்டி வெடிச்சிடப் போவுது!” என்று தெய்வானை அக்கா என் காலைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் வயலைப் பார்த்துக் கத்தினாள். “எல்லாம் வாங்கடி! வந்து தூக்குங்க! தணிகாசலம் வண்டி எரியுது!”

வயலில் இருந்த ஆணும் பெண்ணும் ஓடிவந்தார்கள். பம்பரையும் மட்கார்டையும் பிடித்து, “ஏய்… ஏத்து!” என்று ஒரே மூச்சில் வண்டியின் பின்பக்கத்தை வெறும் கையால் தூக்கி நிறுத்தினார்கள். திரும்பிப் பார்க்கிறேன், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேனேஜரின் மனைவியும் பம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவர் உள்ளே புகுந்து, யாரோ நீட்டிய அரிவாளால் செடியை அறுத்து அறுத்து வெளியே தள்ளினார். யாரோ குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து வீசினார்கள். புகை அடங்கியது.

டை கட்டியவர் மட்டும் புளியமரத்தடியில் இருந்தார்.

யார் போட்டது?

எல்லாம் முடிந்தபின் நிழலைவிட்டு வெளியே வந்தார்.

“பப்ளிக் ரோட்ல செடியைக் கொட்டினது யாரு? போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கறேன். தணிகாசலம், போட்டவங்க பேரைச் சொல்லு.”

தெய்வானை அக்காவின் உள்ளங்கை பம்பர் விளிம்பில் கிழிந்து ரத்தம் கசிந்தது. அவளுடைய கொள்ளு பாதி நனைந்து, பாதி கருகிக் கிடந்தது.

“தெரியாதுங்க சார்” என்றார் என் கணவர்.

“டேய் தணிகாசலம், கை சுட்டுதாடா உனுக்கு?” என்றாள் தெய்வானை அக்கா, சமயம் தெரியாமல்.

மேனேஜர் முறைத்தார். “உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, உனக்குத் தெரியாதா?”

“வாடகைக் கார் ஓட்றவன் பேரு எல்லாருக்கும் தெரியும் சார்.”

“இதோ பார். கம்பெனி வண்டி ஓட்டணும்னா கம்பெனி பக்கம் நிக்கணும். சாட்சி சொல்லுவியா, மாட்டியா?”

இவர் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அவுங்க போட்டாங்க. அதுமேல வண்டிய ஏத்தினது நான். எம்மேல குடுத்துக்கோங்க சார்.”

ஹாரன் அடிக்கக் கூசுகிற மனிதர் பேசிவிட்டார். அதற்குமேல் என்னால் அடங்கியிருக்க முடியவில்லை.

“வண்டிய எறக்கச் சொன்னது நீங்க. களத்த வேலி போட்டு அடைச்சது உங்க கம்பெனி. ரோட்டுக்கு வந்தவங்களத் திட்டறதும் நீங்களா? இவங்க தூக்கலேன்னா இந்நேரம் வண்டியே இல்ல. ஒரு வார்த்தை நன்றின்னு உங்க வாயில வந்துச்சா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் அந்த வழியாக வந்த சிமெண்ட் லாரியை நிறுத்தி, மனைவியோடு ஏறிக்கொண்டார். ஏறும் முன் அந்த அம்மாள், மசி படிந்த கையால் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். போலீஸ் வரவில்லை. அந்தக் கம்பெனி ஓட்டம் வேறு யாருக்கோ போனது. பெரிய பெண் அந்த வருஷம் கான்வென்ட்டில் சேரவில்லை, கூரை ஓடும் இன்னொரு மழைக்கு ஒழுகியது.

ஏற்றின பிறகு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாபு ஸ்பேனர் பையோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தென்னைமரத்தடியில் கிடந்த பட்டைகளைத் துடைத்து, இருந்தபடியே எல்லாவற்றையும் மாட்டினான். கூடுதல் பட்டையையும் சேர்த்துத்தான். நான் அவனோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டேன். வண்டி பழையபடி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மாசியில் தெய்வானை அக்காவின் மகளுக்குக் குன்றத்தூர் மலையில் கல்யாணம். பெண் அழைத்துப் போக எங்கள் வண்டிதான். காலையில் மண்ணூரில் அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு இடமிருக்காது என்று தெரியும், பஸ்ஸில் வருவதாகச் சொல்லித் தெருவில் நின்றுகொண்டேன்.

முதலில் பெண் ஏறினாள். அப்புறம் தோழிகள். சித்தப்பன், சித்தி, அவர்கள் மடியில் பிள்ளைகள். காது குத்து அன்றைக்கு இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தாரே, அந்தப் பெரியவர் முன் சீட்டில் ஜன்னலோரம். டிக்கியில் சீர் அண்டாக்கள். மொத்தம் எத்தனை பேர் என்று எழுத மாட்டேன், போக்குவரத்துப் போலீசாரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

ஒவ்வொருவர் ஏற ஏற, வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கடைசியாகத் தெய்வானை அக்கா, கட்டுப் போட்ட கையில் பூக்கூடையோடு எப்படியோ உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, அந்த மேனேஜர் கேட்ட அதே உயரத்தில், வண்டி நின்றுகொண்டிருந்தது.

டீசண்டாகத்தான் இருந்தது.